ஆகாயத்தில் இரண்டு வக்து

காத்தான்குடியில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையைப் பொறுத்தவரை, எந்த நாடு கிட்ட இருக்கிறது, எந்த நாடு தூரத்தில் இருக்கிறது என்பதை முடிவுசெய்கிறவர் ஜெமீலா ராத்தா. உலகப்படம் வரைந்தவர்களை இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களில் ஒருவராவது இந்த ஊரில் கலியாணம் பேசி முடித்திருந்தால் எடுத்திருப்போம்.

எங்கள் எல்லோருக்கும் அக்காவான அந்த ராத்தா, கலியாண புரோக்கர். அந்தச் சொல்லை அவர் காதுபடச் சொன்னால் அடுத்த ஒரு மாதத்துக்கு உங்கள் வீட்டுக்கு நல்ல சம்பந்தம் எதுவும் வராது. "நான் நல்லது பேசுறவ" என்பதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பட்டம். கணவர் மவுத்தாகிப் பல வருடமாகிறது. ஒரே மகள் ஷாகிரா. நான் பக்கத்து வீட்டு நிஸ்மியா, அபாயா தைக்கிறவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். அதனால் அவர் மற்றவர்களிடம் சொல்லும் பொய்களில் பாதியை நான் தையல் மெஷினில் இருந்தபடியே கேட்டுவிடுவேன்.

பொய் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டி வைத்துவிட்டுத்தான் பெற்றவர்கள் சம்பந்தம் பேசவே தொடங்குவார்கள். ஆகவே பெண்ணைப் பெற்ற உம்மாமார் எவரும் மகளைப் பிரிந்திருக்கப் பழகியவர்கள் அல்லர். அப்படிப்பட்ட உம்மாவிடம் போய், மாப்பிள்ளை லண்டனில் இருக்கிறார், மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று சொல்வது லேசான காரியமா? கேட்ட உடனே "ஐயோ, அவ்வளவு தூரமா" என்று தலையில் கைவைப்பார்கள். அந்தக் கையை இறக்கி வைப்பதற்குத்தான் ஜெமீலா ராத்தா தனக்கென்று ஓர் அளவுகோல் கண்டுபிடித்தார்.

மணித்தியாலமோ கிலோமீற்றரோ அவருக்குத் தேவையில்லை. அவர் தூரத்தை அளப்பது வக்தில். நாளுக்கு ஐந்து நேரத் தொழுகை, ஒவ்வொரு நேரமும் ஒரு வக்து. விடியுமுன் சுபஹு, நடுப்பகலில் லுஹர், பின்னேரம் அஸர், பொழுதுபட்டதும் மஃரிப், இரவில் இஷா. எங்கள் ஊரில் மற்ற எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. மீன்காரன் லுஹருக்கு முன்னால் வருவான், தைத்த உடுப்பை வாங்க மஃரிபுக்குப் பிறகு வருவார்கள். அந்தக் கணக்குக்குள் ஆகாய விமானத்தையும் ஏற்றியது மட்டும் ராத்தாவின் சொந்த மூளை.

வெளிநாட்டிலிருந்து வந்த எவரைக் கண்டாலும் சுகம் விசாரிப்பதற்கு முன், என்ன தொழுதுவிட்டு ஏறினீர்கள், இறங்கி என்ன தொழுதீர்கள் என்று விசாரிப்பார். இடையில் ஆகாயத்தில் கழிந்த வக்து எத்தனையோ, அந்த நாடு அவ்வளவு தூரம். கட்டாருக்குப் போகிறவர் சுபஹு தொழுதுவிட்டு ஏறி லுஹருக்கு இறங்கிவிடுகிறார். இடையில் ஒன்றுமில்லை. ஆகவே கட்டார் தூரமே இல்லை, இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் ஏறாவூருக்குப் பக்கத்தில் வைக்கலாம். கனடாவுக்குக்கூட இரண்டு வக்துக்கு மேல் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

லண்டன் விஷயத்தில்தான் அவருடைய கைவண்ணத்தைப் பார்க்க வேண்டும். பயணம் போகிறவர்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்தே தொழுதுகொள்ள மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. விமானம் கட்டுநாயக்காவில் நடுப்பகலில் கிளம்புகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துத் தொழுதுவிட்டு ஏறலாம். கோடைகாலத்தில் லண்டனில் பொழுதுபட வெகுநேரமாகும், ஆற அமர இறங்கி மஃரிபைப் பிடிக்கலாம். ஆகாயத்தில் ஒரு வக்துகூடக் கழியவில்லை.

"லண்டன் எண்டா என்னமோ ஏதோ எண்டு பயப்பிடுறீங்க. அஸர் தொழுதுட்டு ஏறினா மஃரிபுக்கு லண்டன். இஞ்ச நாங்க தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிற நேரம்தான்" என்று அவர் சொல்லும்போது, எதிரே இருக்கும் உம்மாவின் முகம் மெல்ல மெல்லத் தெளிவதை நான் மதிலுக்கு மேலால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அந்த எதிரே இருந்த உம்மா நானாகிவிட்டேன். என் மூத்தவள் ஸஹீதாவுக்கு ராத்தா லண்டன் மாப்பிள்ளை பேசி வந்தார். அவ்வளவு நாளும் மதிலில் சாய்ந்து நின்று சிரித்தவள், அந்தத் தேத்தண்ணிக் கதையைக் கேட்டு நானும் தலையாட்டினேன். தனக்கென்று வரும்போது புத்தி எங்கே போகிறதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, அதில் இன்றுவரை குறையில்லை. காவின் எழுதி நிக்காஹ் முடிந்து, விசா வந்து, ஒரு ஜூலை மாதம் பிள்ளை போனாள்.

அன்று மஃரிப் தொழுதுவிட்டு போனைக் கையில் எடுத்தேன். ராத்தாவின் கணக்குப்படி பிள்ளை இறங்கியிருக்க வேண்டும். போன் வரவில்லை. இஷா தொழுதேன், வரவில்லை. கணவர் நாளைக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அவருக்குக் கடை திறக்க வேண்டும். நான் கதிரையில் உட்கார்ந்தபடி இருந்தேன். கடலில் விழுந்த விமானங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. போன் அடித்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. "உம்மா, இறங்கிட்டம். இஞ்ச இனித்தான் மஃரிபாகும்" என்றாள் ஸஹீதா, அத்தனை சந்தோஷமாக.

விடிந்ததும் நேரே ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். என் வாயிலிருந்து வந்த எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"புள்ள என்ன வக்துக்கு இறங்கின?"

"மஃரிபுக்கு."

"நான் என்ன சொன்ன?"

அவர் மஃரிப் என்றுதான் சொன்னார். எந்த ஊர் மஃரிப் என்று நான் கேட்கவில்லை. சூரியன் போகும் பக்கமாகவே விமானமும் போனால் பகல் இழுபடும் என்பதும், பதினொரு மணித்தியாலம் பறந்தாலும், ஏறிய நேரத்தைவிட லண்டன் கடிகாரம் ஆறரை மணித்தியாலம்தான் கூடக் காட்டும் என்பதும் எனக்குப் பின்னர்தான் விளங்கின. ராத்தாவுக்கு முன்பே விளங்கியிருந்ததா, இல்லை சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரா என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

அந்த ஐந்து வருடமும் ஸஹீதாவுக்குக் கட்டிய வீட்டின் பூட்டும் திறப்பும் என்னிடம்தான். வீடு இருண்டு கிடக்கக் கூடாதென்று ஒவ்வொரு மஃரிபுக்கும் போய் லைட்டைப் போட்டுவிட்டு வருவேன். எங்கள் ஒழுங்கையில் இப்படி மூன்று நான்கு வீடுகள், மூன்று நான்கு உம்மாமார். பாங்கு சொன்னதும் ஆளுக்கொரு திறப்புடன் இறங்குவோம். எல்லாம் ஜெமீலா ராத்தா பேசி முடித்த நல்லதுகள்தான்.

அப்படியிருக்கத்தான் அவருடைய ஷாகிராவுக்கு நேரம் வந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள், கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். அவளுக்காக ராத்தா வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்து, பளிங்குக்கல் பதித்து, மாப்பிள்ளை சாப்பிடுவதற்கென்று தனி மேசை ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் ஏற்றுமதி செய்தவர், தன் பிள்ளைக்கு மட்டும் கல்முனைக்கு அந்தப்பக்கம் மாப்பிள்ளை வேண்டாமென்று இருந்தார்.

ஷாகிராவோ ஏறாவூர் நௌஷாட் என்ற பையனை மனதில் வைத்திருந்தாள். ஒன்றாகப் படித்தவர்கள். மரியாதையான பிள்ளை, இப்போது மெல்பேர்னில் டிராம் வண்டி திருத்தும் இடத்தில் வேலை. அவனுடைய வீட்டார் சம்பந்தம் பேச ஆள் தேடினார்கள். ஜெமீலா ராத்தாவின் வீட்டுக்கே புரோக்கராகப் போக எந்தப் புரோக்கருக்குத் துணிவு வரும்? கடைசியில் என்னிடம் வந்தார்கள். நான் இரண்டாம் தரம் கேட்கவைக்கவில்லை. அன்றைக்கு நான் உடுத்துக்கொண்டு போன சாரி பெருநாளுக்கு எடுத்தது.

ராத்தா குசினி வாசலில் குந்தியிருந்து வாவி இறால் உடைத்துக்கொண்டிருந்தார். நௌஷாட்டின் குணம், குடும்பம், வேலை எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மெல்பேர்ன் என்றதும் இறால் சட்டியைத் தள்ளி வைத்தார்.

"இஷா தொழுதுட்டு ஏறினா சுபஹும் ஆகாயத்தில, லுஹரும் ஆகாயத்தில. மறுகா அஸருக்குத்தான் கால் தரையில படும். ரெண்டு வக்து ஆகாயத்தில போற ஊருக்கு எண்ட புள்ளயக் குடுப்பனா கா?"

எத்தனை வருடமாக நான் காத்திருந்த இடம் இது. ஷாகிராவைக் கூப்பிட்டேன். அவள் முன்கூட்டியே போனில் தேடி வைத்திருந்தாள், நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்ததுதான். கட்டுநாயக்காவிலிருந்து மெல்பேர்ன் பத்தரை மணித்தியாலம், எட்டாயிரத்து முந்நூற்றைம்பது கிலோமீற்றர் வரையில் என்று வாசித்தாள். பிறகு லண்டன். பதினொரு மணித்தியாலம், எட்டாயிரத்து எழுநூறு. இந்த வித்தியாசம், எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போகும் தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

"ராத்தா, மெல்பேர்ன்தான் கிட்ட. லண்டன்தான் தூரம்" என்றேன்.

அவர் இப்போது என்ன செய்வார்? மெல்பேர்ன் கிட்ட என்று ஒப்புக்கொண்டால், என் பிள்ளையை அனுப்பிய லண்டன் தூரம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லண்டன் கிட்டத்தான் என்று பிடிவாதமாக நின்றால், அதைவிடக் கிட்ட இருக்கும் மெல்பேர்னை எப்படி வேண்டாமென்பது? நான் சாரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனை வாங்கவுமில்லை, எட்டிப் பார்க்கவுமில்லை.

"அந்தப் போன் அஞ்சு வக்தும் தொழுறதா, தூரம் சொல்ல வந்திட்டு" என்று சொல்லிவிட்டு இறால் சட்டியை மறுபடி இழுத்து வைத்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை மதிலுக்கு இந்தப்பக்கமிருந்தே கேட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. ராத்தா மருதமுனை மாப்பிள்ளை ஒருவரைப் பற்றிச் சொன்னால், எத்தனை வக்து உம்மா என்று மகள் கேட்பாள். முக்கால் மணித்தியாலம் என்று இவர் சொன்னால், நான் வக்துதானே கேட்டேன் என்பாள். கல்முனையைத் தாண்டி அட்டாளைச்சேனைக்கே இறங்கி வந்தாலும் அதே கேள்வி, ஓட்டமாவடிக்கும் அதே கேள்வி. எனக்குத் தையலில் இரண்டு தரம் ஊசி கையில் ஏறியது, சிரிப்பை அடக்கப் போய்.

ஆனால் ஒருநாள் பின்னேரம் அவள் சொன்னது சிரிப்புக்குரியதல்ல. "உம்மா வேணாம் எண்டா நான் போகல்ல. உங்கள விட்டுட்டு களவா ஓடுற புள்ளயும் நானில்ல. ஆனா எனக்கு வேற ஆளும் வேணாம்." அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ராத்தாவை நினைத்துக் கவலையாக இருந்தது, அப்படிக் கவலைப்பட வேண்டி வந்ததில் கொஞ்சம் கோபமும் வந்தது.

ஒரு கிழமை கழித்து ராத்தா என் வீட்டுக்கு வந்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசினார். இந்தக் கிழமை முழுக்க அவர் சும்மா இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து லீவில் வந்திருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அங்கே என்ன தொழுதுவிட்டு ஏறினார்கள் என்று விசாரித்திருக்கிறார்.

"அங்க லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுட்டு ஏறினா, ராவைக்கு கட்டுநாயக்காவில இறங்கி மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஆகாயத்தில ஒரு வக்தும் இல்ல நிஸ்மியா. போறதுதான் தூரம். வாறது கிட்டத்தான்."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"போறத நான் என்னத்துக்கு எண்ணுற?" என்றார். "எனக்கு அவ வாறதுதானே வேணும்."

இத்தனை உம்மாமாரிடம் அந்தச் சரக்கை விற்றவர், கடைசியில் தன்னிடமே விற்றுக்கொண்டு வந்து நிற்கிறார் என்று விளங்கியது. மிகவும் கஷ்டப்பட்டுத்தான் விற்றிருக்கிறார், கண் இரண்டும் வீங்கியிருந்தன. அப்படியானால் லண்டனிலிருந்து வருவதற்கு எத்தனை வக்து என்று கேட்கச் சொல்லி நாக்கு துடித்தது. லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சுபஹு ஆகாயத்தில் கழிகிறது, ஸஹீதா சொல்லியிருக்கிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஷாகிராவின் காரியம் முடியட்டும்.

காவின் முடிந்தது. விசா வந்தது. ஷாகிரா போகிற நாளில் வான் விடியற்காலையிலேயே வந்து நின்றது, கட்டுநாயக்காவுக்கு ஒரு பகல் பிரயாணம். ராத்தா எயார்போட்டுக்குப் போகவில்லை. அவர் எந்தப் பிள்ளையையும் அனுப்பி வைக்கப் போனதில்லை. காவின் முடிந்த நிமிடமே அடுத்த வீட்டுச் சம்பந்தத்துக்குக் கிளம்பிவிடுகிறவர். வானுக்குள் தலையை விட்டு மகளுக்கு முத்தம் கொடுத்தார், வானின் கதவு சரியாகப் பூட்டவில்லை என்று டிரைவரை ஏசினார், உள்ளே போய்விட்டார். அழவில்லை.

மறுநாள் காலையில் இறால் சட்டியோடு என் குசினிக்கு வந்துவிட்டார். வீட்டில் தனியே இருக்க முடியவில்லை என்று சொல்வாரா? உன் வீட்டுக் கத்திதான் நல்ல கூர் என்றார். அவருடைய கணக்குப்படி ஷாகிரா அஸருக்குத்தான் இறங்குவாள். அதுவரை செய்ய வேண்டிய வேலைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். இறால் உடைப்பது, பிறகு சமையல், பிறகு லுஹர், பிறகு மாடிக்குப் போய்ப் பிள்ளையின் உடுப்புகளை மடித்து வைப்பது. அழுவதையும் அஸருக்குத்தான் வைத்திருந்தாராம், பின்னர் சொன்னார்.

சட்டியில் பாதி இறால்கூட உடைபடவில்லை, போன் அடித்தது. அவருடைய கையெல்லாம் இறால். நான்தான் போனை எடுத்து அவர் காதில் பிடித்தேன்.

"உம்மா, இறங்கிட்டம். இஞ்ச அஸர்."

"இஞ்ச லுஹரே ஆகல்லியே மகள்" என்றார் ராத்தா.

அதோடு உடைந்துபோனார். ஒரு கையில் கத்தி, மறுகையில் இறால், குழந்தை மாதிரி அழுகிறார். நானும் அழுதேன், மறைப்பானேன். என்னை நடுச்சாமம் வரை கதிரையில் வைத்த அதே கணக்கு, அவருக்குப் பிள்ளையின் குரலை முற்பகலிலேயே கொண்டுவந்து காதில் ஊற்றுகிறது. செய்த குறும்புக்குத் தண்டனை என்று ஏதும் வருமென்று எதிர்பார்த்திருந்தால், நான் ஏமாந்தேன். ஜெமீலா ராத்தாவுக்குக் கிழக்கும் மேற்கும்கூட சலுகை காட்டுகின்றன.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். பிறகு, ஸஹீதா போன அன்றைக்கு உனக்கு எத்தனை மணிக்கு போன் வந்தது என்று கேட்டார். பன்னிரண்டு தாண்டி என்றேன். மஃரிபிலிருந்தே விழித்துக்கொண்டா இருந்தாய் என்றார். ஓம் என்றேன்.

"தனியவா இருந்த?"

"அவர் நித்திர. தனியத்தான்."

கையைத் துடைத்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"லண்டன் தூரம்தான் நிஸ்மியா" என்றார். "எனக்கு அப்பவே தெரியும்."

ஐந்து வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அது வந்தால் என்னென்ன சொல்ல வேண்டுமென்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். வந்தபோது எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். அன்று மஃரிப் பாங்கு கேட்டதும் நான் ஸஹீதாவின் வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்க, அவர் மாடிப்படியில் தன் திறப்புடன் நின்றுகொண்டிருந்தார். வாசல் லைட்டை மட்டும் போட்டால் போதும், ராத்தா, மற்றதெல்லாம் வீண் கரண்டு என்று சொல்லிக்கொடுத்தேன்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போது அவுஸ்திரேலியா மாப்பிள்ளைமார்களை வரும் கணக்கில் விற்கிறார், லண்டன் மாப்பிள்ளைமார்களைப் போகும் கணக்கில் விற்கிறார். போன மாதம் எங்கள் ஒழுங்கைக் கோடியில் இருக்கும் ஆசியா உம்மா தன் மகளுக்குப் பேசி வந்த லண்டன் சம்பந்தத்தைப் பற்றிக் கேட்க வந்தார். நான் மதிலடியில் உடுப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ராத்தா வழக்கம்போலத் தொடங்கினார். லுஹரையும் அஸரையும் சேர்த்து, ஏறி, இறங்கி, மஃரிப். ஆசியா உம்மாவின் முகம் தெளிந்துகொண்டு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, போன் வர நடுச்சாமமாகும் என்று சொல்லிவிட்டேன்.

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இறால் ஓடு தானாகவே கழன்றிருக்கும். ஆசியா உம்மாவின் கை தலைக்குப் போய்விட்டது. கலியாணம் ஒன்று கைநழுவிப் போகிறது, நான்தான் காரணம். ராத்தா கதிரையை ஆசியா உம்மாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓம், நடுச்சாமமாகும்" என்றார். "அண்டைக்கு மஃரிப் தொழுதுட்டு நான் உங்கட ஊட்டுக்கு வாறன். போன் வருமட்டும் கூட இருப்பன். இவளும் வருவா."

என்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டார். சம்பந்தம் முடிந்துவிட்டது, பிள்ளை அடுத்த மாதம் போகிறாள். அன்றைக்குத் தேத்தண்ணி என்னுடைய பொறுப்பாம்.